கவாத்தும் இணையப் பக்கமும்

எத்தொழிலிலும் ஒருவன் முதலிற் கற்பது சேர்த்தல். நெடுநாட் சென்றபின் கற்பது நீக்கல். புதிதாய்ச் சொற்பொழிவு செய்யப் புகுந்தோன் தான் அறிந்தவற்றையெல்லாம் ஒரே மேடையிற் கொட்டுகின்றான். புதிதாய்ச் சமைக்கப் புகுந்தோன் அஞ்சறைப் பெட்டியிலுள்ள யாவற்றையும் ஒரே குழம்பில் இடுகின்றான். இணையப் பக்கம் அமைக்கும் தொழிலும் இவ்விதிக்கு விலக்கன்று. இக்கல்லூரியிற் பயின்று வெளியேறிய பின்னர், ஒரு நிறுவனத்தின் சம்பளத்துக்கு உட்படாமல், வேலைதோறும் கூலி பேசிக்கொண்டு, எமது சொந்த ஊராகிய கோம்பையிலிருந்தே இத்தொழிலைச் செய்துவருகின்றோம். அவ்வனுபவத்தினின்றும் எமக்குத் தோன்றிய அபிப்பிராயம் ஒன்றை மாணவ நண்பர்கள் முன்னும் ஆசிரியப் பெருமக்கள் முன்னும் வைக்கத் துணிகின்றோம்.

கோம்பையை அறியாதார் அதன் பெயரையேனும் அறிந்திருப்பர். செம்பழுப்பு மேனியும் கரிய மூஞ்சியும் உடைய கோம்பை நாய் அவ்வூரின் பெயரை வெகுதூரம் கொண்டு சென்றுள்ளது. உத்தமபாளையம் வட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ளது எமது ஊர். மேலே நிமிர்ந்து நோக்கின் இராமக்கல்மேட்டின் பாறைகள் தோன்றும். மலைக்கு அப்பால் ஏலத்தோட்டங்கள். இப்பால், 1895-ஆம் ஆண்டு முதல் பெரியாற்று அணையின் நீர் பாயும் கம்பம் பள்ளத்தாக்கு. அப்பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சை 2023-ஆம் ஆண்டிற் புவிசார் குறியீடு பெற்றது. இத்தகைய ஊரில் இருந்துகொண்டு இணையப் பக்கங்கள் அமைப்பதா என வியப்போரும் உளர். மின்சாரமும் இணைய இணைப்பும் ஒரு மேசையும் இருக்குமிடம் எதுவாயினும் இத்தொழிலுக்குப் போதும். அது மட்டுமன்று, இத்தொழிலின் தலையாய பாடத்தை யாம் கற்றதும் எவ்வூர்த் திராட்சைப் பந்தலின் கீழேயேயன்றிக் கணினியின் முன் அன்று. அதனைக் கூறுமுன் எமது பிழையொன்றைக் கூறவேண்டும்.

யாம் முதன்முதற் கூலி பெற்றுச் செய்த வேலை, திராட்சை வாங்கி விற்கும் பெரியவர் ஒருவருக்காக அமைத்த பக்கம். எமது திறமை முழுவதையும் அதிற் காட்டினோம். பக்கத்தைத் திறந்தவுடன் திராட்சைக் குலைகள் ஒன்றன்பின் ஒன்றாய் நகர்ந்து வரும். பின்னே இசை ஒலிக்கும். எழுத்துக்கள் திரையின் ஓரத்திலிருந்து பறந்து வந்து அமரும். மலைமேல் மேகம் தவழும். எமது அறையிலிருந்த பெரிய கணினியில் அது மிக அழகாகவே தோன்றிற்று. பெரியவர் தமது தோட்டத்தில் நின்று கைபேசியில் அதனைத் திறந்தார். வட்டம் ஒன்று சுழன்றது, சுழன்றுகொண்டேயிருந்தது. வெகுநேரங் கழித்துப் படம் வந்தது. அவர் சினந்தாரில்லை. “தம்பி, படமெல்லாம் நல்லாத்தான் இருக்கு. இன்னிக்கு விலை எங்க இருக்கு? என் போன் நம்பர் எங்க இருக்கு?” என்று மாத்திரம் கேட்டார். தொலைபேசி எண் நான்காம் பக்கத்தின் அடியில் இருந்தது. விலை எழுதுதற்கு இடமே விட்டிருக்கவில்லை.

அன்று அத்தோட்டத்திற் கவாத்து நடந்துகொண்டிருந்தது. கொடியை வெட்டிச் சீர்செய்வதைத் திராட்சை விவசாயிகள் கவாத்து என்பர். கத்தரிக்கோலும் கையுமாக நின்றவர்கள், பசுமையாய்ப் படர்ந்திருந்த கொடிகளை வெட்டித் தள்ளியவண்ணம் இருந்தனர். தழைத்த கொடியை வெட்டுவது கண்டு மனம் பதைக்கக்கூடும். ஆயின் வெட்டாத கொடி இலையாய்த் தழைக்குமேயன்றிக் குலையாய்க் காய்க்காது. வெட்டுவோர் கண்மூடித்தனமாய் வெட்டுவதும் இல்லை. கிளைதோறும் இத்தனை கணு விடவேண்டும் என்று எண்ணி, காய்க்கும் கணுவை நிறுத்தி, அதற்கு மேற்பட்டதை நீக்குகின்றனர். நீக்குவதன் அளவை நிறுத்துவது எது என்பதே நிர்ணயிக்கின்றது. எமது பக்கத்தில் யாம் நிறுத்தியிருந்தது அனைத்தும் இலை, வெட்டியிருந்தது கணு. அன்றிரவே அப்பக்கத்தைக் கலைத்து மீண்டும் அமைத்தோம். பெயர், ஊர், அன்றைய விலை, தொலைபேசி எண், குலையின் படம் ஒன்று, இவ்வளவே. அதற்கு யாம் கூலி கேட்கவில்லை. எமக்குப் பாடம் கற்பித்தவருக்கு யாம் செலுத்திய கட்டணம் அதுவாயிற்று.

இனி எமது விஷயத்திற்கு வருவோம். இத்தொழிலில் தனித்து நிற்போர் ஒவ்வொருவரும், தாம் முன்னர்ச் செய்த வேலைகளைத் தொகுத்துக் காட்டும் பக்கம் ஒன்று வைத்திருப்பது வழக்கம். புதிதாய் வேலை தர வருவோர் அதனைப் பார்த்தே துணிவர். அத்தகைய பக்கங்களுட் பெரும்பாலானவற்றில், ‘எமது வடிவமைப்புத் தூய்மையானது, தெளிவானது’ என்னும் வாசகத்தைக் காணலாம். கீழே வெண்மையான பின்புலத்தில், நிறங் குறைந்த படங்கள் சில. தூய்மை என்பது வெண்மையும் வெறுமையுமே எனக் கொண்டுவிட்டனர் போலும்! எமது அபிப்பிராயம் அதுவன்று. வருவோன் எதை நாடி வந்தானோ அதனை அவன் கையில் விரைவிற் கொடுப்பதே தெளிவு. வெண்மை அதற்குத் துணையாகலாம், வெண்மையே தெளிவாகாது. விலையைத் தேடி வந்தவனுக்கு விலை கிட்டாத பக்கம், பனிபோல் வெண்மையாய் இருந்தாலும் குப்பைக்கூடையே.

இக்கருத்து எம்முடைய கண்டுபிடிப்பன்று. 1930-ஆம் ஆண்டில் லண்டன் மாநகரில் அச்சுக்கலைஞர் கூட்டமொன்றிற் பேசிய பியாட்ரிஸ் வார்ட் என்னும் அம்மையார், நல்ல அச்சினைப் பளிங்குக் கிண்ணத்துக்கு ஒப்பிட்டார். பொற்கிண்ணம் தன்னைக் காட்டும். பளிங்குக் கிண்ணம் உள்ளிருக்கும் பானத்தைக் காட்டும் என்பது அவர் கருத்தின் சாரம். எண்பதாண்டுகள் கழித்து அந்நாட்டு அரசாங்கமே இதனைச் செயலிற் காட்டிற்று. பல துறைகளின் பற்பல தளங்களிற் சிதறிக் கிடந்த செய்திகளை ஒன்றுதிரட்டி, 2012-ஆம் ஆண்டில் ஒரே தளமாக வெளியிட்டனர். குடிமக்களின் தேவையிலிருந்து தொடங்குக என்பதே அவர்கள் வகுத்துக்கொண்ட முதல் விதி. அலங்காரம் என்று சொல்லத்தக்க எதுவும் அதில் இல்லை. ஆயினும் 2013-ஆம் ஆண்டில் லண்டன் வடிவமைப்பு அருங்காட்சியகம் அவ்வாண்டின் சிறந்த வடிவமைப்பென அதனையே தேர்ந்து பரிசளித்தது.

அவ்வளவு தூரம் செல்வானேன்? எமது ஊருக்கு அண்மையிலுள்ள போடிநாயக்கனூரில் ஏலக்காய் மின்னேலம் நடைபெறுகின்றது. அவ்வேல விவரங்களை நறுமணப் பொருள் வாரியம் தன் தளத்தில் அட்டவணையாக வெளியிடுகின்றது. ஏலம் நடந்த தேதி, நடத்தியோர் பெயர், வந்த சரக்கின் அளவு, விற்ற அளவு, உச்ச விலை, சராசரி விலை என்பனவே அதன் கட்டங்கள். எவரும் அதனை அழகிய பக்கம் என்று புகழமாட்டார். ஆயின் மலைமேல் தோட்டம் வைத்திருப்போனுக்கு, தன் சரக்கை இன்று இறக்குவதா, இன்னும் சில நாள் இருத்துவதா எனத் துணிதற்கு அக்கட்டங்கள் போதும். ஒருவனுடைய பிழைப்பைப் பற்றிய முடிவுக்குத் துணை நிற்கும் பக்கத்தை யாம் அழகற்றது என்று சொல்லோம்.

தமிழ்ப் பக்கத்தைப் பொறுத்தமட்டில் இக்கேள்வி இன்று பிறந்ததன்று. ஏட்டுச் சுவடியில் எழுதியோர் சொற்களுக்கிடையே இடம் விடுவதில்லை. புள்ளியும் பெரும்பாலும் இடுவதில்லை. எகரத்தையும் ஏகாரத்தையும், ஒகரத்தையும் ஓகாரத்தையும் பிரித்தறிவது படிப்போன் பாடாயிருந்தது. வீரமாமுனிவர் அவற்றுக்கு வேறுபட்ட வடிவங்கள் வகுத்தது, படிப்போன் தலைமேலிருந்த சுமையை எழுத்தின்மேல் ஏற்றிய செயலாகும். தரங்கம்பாடியிற் சீகன்பால்கு ஐயருக்கு ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த தமிழ் அச்செழுத்துக்கள் மிகப் பெரியனவாய் இருந்தன. அவற்றைக்கொண்டு அச்சிடின் கைவசமிருந்த காகிதம் போதாது. ஆகவே சிறிய எழுத்துக்களை இங்கேயே வார்த்து, 1715-ஆம் ஆண்டிற் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தனர். பின்னர்ச் சென்னை அமெரிக்கன் மிஷன் அச்சுக்கூடத்தில் ஹண்ட் துரையின் மேற்பார்வையில் 1862-ஆம் ஆண்டில் வெளிவந்த வின்ஸ்லோவின் தமிழ்-ஆங்கில அகராதியை எடுத்துப் பார்ப்போர், சிறிய எழுத்தும் தெளிவாய் இருத்தல் கூடும் என்பதை உணர்வர். காகிதம் குறைவு, கண் ஒன்று, காலம் சிறிது என்னும் முட்டுப்பாடுகளே அக்கலையை வளர்த்தன. இன்று காகிதத்தின் இடத்திற் கைபேசித் திரையும், பார வண்டியின் இடத்தில் மெலிந்த அலைவரிசையும் நிற்கின்றன. வேறுபாடு அவ்வளவே.

இணையத்திற் தமிழ் புகுந்த வரலாறும் இதனையே காட்டுகின்றது. டிம் பெர்னர்ஸ்-லீ என்பார் ஜெனீவாவில் வகுத்த வையவிரிவலை 1991-ஆம் ஆண்டில் உலகுக்குத் திறக்கப்பட்டது. நான்காண்டுகளுள், 1995-இல், சிங்கப்பூரில் ஆசிரியராய் இருந்த நா. கோவிந்தசாமி அவர்களின் முயற்சியால், அந்நாட்டுக் கவிதைத் தொகுப்பொன்றின் வாயிலாகத் தமிழ் இணையத்தில் ஏறிற்று. மலேசியாவில் முத்து நெடுமாறன் அவர்கள் 1980-களிலேயே முரசு என்னும் மென்பொருளால் கணினியில் தமிழெழுத வழி செய்திருந்தார். 1998-ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வத் தொண்டர்களின் உழைப்பால் பழந்தமிழ் நூல்களை இணையத்திலேற்றி எவரும் இலவசமாய்ப் படிக்கச் செய்தது. அத்தளத்தில் ஒப்பனை ஏதுமில்லை. நூற்பெயரும் நூலாசிரியர் பெயரும் நிரல்படக் கிடக்கும். நூலை எடுத்துக்கொண்டு போகலாம். பள்ளத்தாக்கின் சிற்றூரில் நூல்நிலையம் எட்டாத மாணவனுக்கு அது செய்த உபகாரத்தை, பல வண்ணத் தளங்கள் செய்யவில்லை.

அக்காலத்துப் பக்கங்களிற் குறையில்லாமல் இல்லை. ஒவ்வொரு பத்திரிகையும் ஒவ்வோர் எழுத்துரு வைத்திருந்தது. அதனை இறக்கிக்கொள்ளாதவனுக்குத் தமிழுக்குப் பதிலாகப் பொருளற்ற குறிகளே தோன்றின. யுனிகோடு என்னும் பொதுக் குறியீட்டு முறையிற் 1991-ஆம் ஆண்டிலேயே தமிழுக்கு இடம் தரப்பட்டிருந்தும், அது நடைமுறையில் ஊன்றப் பல்லாண்டுகள் சென்றன. இன்று மலிவான கைபேசியும் தமிழைக் காட்டுகின்றது. எழுத்துருவில் இல்லாத எழுத்துக்குப் பதிலாகத் தோன்றும் வெற்றுக் கட்டத்தை இத்தொழிலார் ‘தோஃபு’ என்பர். அக்கட்டமே எங்கும் தோன்றலாகாது என்னும் நோக்கத்தோடு அமைத்தமையால் ஓர் எழுத்துருக் குடும்பத்திற்கு ‘நோட்டோ’ என்றே பெயர் வந்தது. தமிழும் அதில் உண்டு. ஆகவே தமிழ் தோன்றுமா என்னும் கேள்வி பெரும்பாலும் தீர்ந்தது. தமிழ் படிக்கத்தக்கதாய்த் தோன்றுகின்றதா என்பதே இன்றைய கேள்வி.

அதற்கு விடை கூறுங்கால் வருத்தமே மிகுகின்றது. பெரும்பாலோர் அந்நியர் தம் மொழிக்கென அமைத்த வார்ப்பை விலைக்கோ இலவசமாகவோ பெற்று, அதிலுள்ள ஆங்கிலத்தை நீக்கித் தமிழைத் திணிக்கின்றனர். ஒருவனுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையை மற்றொருவனுக்கு மாட்டுவது போன்ற காரியம் இது. ஆங்கிலத்தில் தலைப்பெழுத்துக்கள் உண்டு, தமிழில் இல்லை. ஆதலின் தலைப்பை வேறுபடுத்த அளவும் இடைவெளியுமே நமக்குத் துணை. ஆங்கில எழுத்தைச் சாய்த்தெழுதுவது அம்மொழியாருக்கு மரபு. தமிழைச் சாய்த்தால் விழப்போகும் வேலியாய்த் தோன்றுகின்றது. தடித்த எழுத்தைச் சிறிதாக்கினால் ணகரத்தின் சுழிகள் அடைபட்டு மைத்துளியாகின்றன. எழுத்துக்களை அகலப் பரப்பி வைத்தல் ஆங்கிலத் தலைப்புக்கு அழகாகலாம். தமிழிற் கொம்பு ஒருபுறமும் கால் ஒருபுறமும் விலகி, உயிர்மெய் உடல் வேறு உறுப்பு வேறாய்க் கிடக்கும். மேலே புள்ளியும் விசிறியும், கீழே உகர ஊகாரச் சுழிகளும் உடைமையால், நம் வரிகளுக்கிடையே ஆங்கிலத்தினும் மிகுதியான இடம் வேண்டும். எழுத்தளவைப்போல் ஒன்றரை மடங்குக்குக் குறையாமல் வரியின் உயரத்தை வைப்பது எமது வழக்கம். இன்னும், தமிழ்ச் சொற்கள் நெடியன. ஆங்கிலச் சிறு சொல் ஒன்றுக்கென வெட்டிய பொத்தானில் நம் சொல் அடங்காது வெளியே தலை நீட்டும்.

யாவற்றினும் கொடிது, தமிழை எழுத்தாக இடாமற் படமாக ஒட்டுவது. எழுத்துருக்கள் ஒன்றுபடாத காலத்தில் அதற்கு நியாயம் இருந்தது, இப்போது இல்லை. படமாய் ஒட்டிய தமிழைத் தேடினால் கிட்டாது, நகலெடுத்தல் இயலாது, முதியோர் பெரிதாக்கினால் மங்கும். கண்பார்வை இழந்தோருக்குப் பக்கத்தை வாசித்துக் காட்டும் கருவிகள் இன்று உண்டு. அவற்றுக்கு அப்படம் வெறுஞ்சுவரே. அறிவிப்பை எல்லோருக்கும் என்று தலைப்பிட்டு, ஒருசாராருக்கு எட்டாமற் செய்வது நேர்மையாகுமா? வாசகரே சிந்திப்பாராக.

எமது பிற்கால வேலைகளுள் இரண்டை ஈண்டுக் கூறுதல் பொருந்தும். பள்ளியொன்றின் பழைய மாணவர் சங்கத்தார், தம் தளத்தைப் புதுப்பிக்க வேண்டினர். முகப்பில் தலைவர் படம், செயலாளர் படம், பொருளாளர் படம், விழாப் படங்கள், வாழ்த்துரைகள் என அவர்கள் தந்த நிரல் நீண்டது. யாம் மறுக்கவில்லை. “இப்பக்கத்துக்கு வருபவர் யார்? என்ன வேண்டி வருகின்றார்?” என இரு கேள்விகள் மாத்திரம் கேட்டோம். கூட்டத்தில் அமைதி நிலவிற்று. பின்னர் அலுவலகத்தில் இருந்த ஓர் அம்மையார், “சான்றிதழ் எப்படி வாங்குவது என்று கேட்டுத்தான் நாள்தோறும் போன் வருகின்றது, ஐயா” என்றார். சான்றிதழ் பெறும் முறை முகப்பின் தலையில் ஏறிற்று. உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் கடைசித் தேதி அதன் கீழ் நின்றது. படங்கள் வேறொரு பக்கத்தில் மரியாதையாய் அமர்ந்தன. எவருடைய படத்தையும் யாம் எறியவில்லை, இடத்தையே மாற்றினோம். கடைசித் தேதி கண்ணிற் படாமையால் ஓர் ஏழை மாணவன் உதவித்தொகை இழப்பானாயின், அது வடிவமைப்பின் குறை என்றல்லாது வேறென்னென்பது?

மற்றொன்று, கோம்பை நாய் வளர்ப்பார் ஒருவருக்குச் செய்த பக்கம். சீறும் நாயின் முகம், எரியும் தீ, வீர முழக்கம் என்பனவே அவர் விரும்பியவை. வெளியூரிலிருந்து நாய் வாங்க வருவோர் தொலைபேசியில் என்ன கேட்கின்றனர் என்று சில நாள் குறித்து வைக்கச் சொன்னோம். குட்டிக்கு வயதென்ன, தடுப்பூசி போட்டாயிற்றா, தாய் தந்தை எவை, பக்கவாட்டில் நின்ற படம் உண்டா, நேரில் வந்து பார்க்கலாமா என்பனவே அவை. அவ்வைந்து கேள்விகளுக்கும் ஐந்து விடைகளாக அப்பக்கம் அமைந்தது. நாய் தன் இயல்பாய் நிற்கும் படமே அதன் வீரத்தைச் சொல்லிற்று, தீ வேண்டியிருக்கவில்லை.

எமது கருத்துக்கு மறுப்பு உண்டு. முதலாவது, நம் மக்கள் நிறைவை விரும்புவோர். வெறுமை மேனாட்டார் சுவை என்பது. கோபுரத்தைப் பாருங்கள், எங்கே வெறுமை இருக்கின்றது என்பர். கோபுரத்தையே பார்ப்போம். அதன்மேல் உருவங்களுக்குக் கணக்கில்லை. ஆயின் அடியில் வாயில் ஒன்றே. முதன்முறை வருவோனும் எவரையும் கேளாமல் அவ்வழியே உட்புகுகின்றான். நிறைவு வழியை மறைக்கவில்லை. நம் திருமண அழைப்பிதழிலும் பெயர்கள் நெருங்கி நிற்கும். ஆயினும் நாளும் நேரமும் மண்டபமும் தேடாமலே கண்ணிற் படும். ஆகவே நிறைவு குற்றமன்று. வழிமறிக்கும் நிறைவே குற்றம். வண்ணமும் கோலமும் வேண்டுவோருக்கு அவற்றை மறுப்பதும் எமது கருத்தன்று.

இரண்டாவது மறுப்பு வாடிக்கைக்காரர் கூறுவது. “இவ்வளவு குறைவாய் எழுதியிருக்கும் பக்கத்துக்கா இவ்வளவு கூலி?” என்பர். கவாத்துக்காரருக்குக் கூலி கொடுப்போர், வெட்டி விழுந்த கொடியை நிறுத்தா கொடுக்கின்றனர்? எதை விடவேண்டும் என்னும் அறிவுக்கன்றோ கொடுக்கின்றனர்! இதனைப் பொறுமையாய் எடுத்துரைப்பதும் தொழிலின் ஒரு பகுதியே என்று கொண்டோம். சிலர் ஏற்றனர், சிலர் பறக்கும் எழுத்துக்களை நாடி வேறிடம் சென்றனர். அவரை யாம் நோகவில்லை. எமது முதற் பக்கம் எமக்கு நினைவிருக்கின்றது.

மூன்றாவது மறுப்பு காலத்தை ஒட்டியது. இயந்திர அறிவு கணப்பொழுதிற் பக்கத்தை அமைத்துத் தருகின்ற இந்நாளில் மனிதனுக்கு இதில் என்ன வேலை என்பர். உண்மையே, யாம் ஒரு வாரத்தில் செய்ததை அது ஒரு நாழிகையிற் செய்கின்றது. ஆயின் அது சேர்த்தலில் வல்லது. ‘இங்கு யார் வருகின்றார்’ என்று தோட்டத்திற் போய் நின்று கேட்பதும், அலுவலகத்து அம்மையாரின் சொல்லுக்குச் செவி கொடுப்பதும் அதன் தொழிலன்று. சேர்த்தல் மலிந்துவிட்ட காலத்தில் நீக்கலின் மதிப்பு உயர்கின்றது என்பதே எமது துணிபு. தூய்மை தூய்மை என்று எல்லோரும் ஒரே வார்ப்பைக் கைக்கொண்டமையால், பக்கங்கள் யாவும் ஒரே முகமாய்ப் போயின என்னும் குறை மாத்திரம் நியாயமானது. அதற்கும் மருந்து அதிகப் பூச்சன்று. அந்தந்த ஊரின் விஷயம். விலையும் சரக்கும் ஆளும் ஊரும் தெளிவாய்த் தோன்றும் பக்கம், மற்றொன்றைப் போல் இருக்க வழியில்லை.

இத்தொழிலை மேற்கொள்ள விரும்பும் மாணவருக்கு முடிவாக ஒன்று கூறுவோம். செய்த வேலைகளைத் தொகுத்துக் காட்டுங்கால், படங்களை மாத்திரம் வரிசையாய் ஒட்டாதீர். இப்பக்கம் யாருக்காகச் செய்யப்பட்டது, அவர் வேண்டியது என்ன, யாம் எதனை நீக்கினோம், நீக்கியபின் அவருக்கு எது எளிதாயிற்று என நான்கு வரி எழுதுவீர். தவறிய வேலையொன்றையும் மறைக்காமற் சேர்ப்பீர். எமது தொகுப்பில், இசை ஒலித்த அந்தத் திராட்சைப் பக்கத்தின் படமே முதலில் நிற்கின்றது. கண்டு நகைப்போர் உண்டு. நகைத்தபின் வேலை தந்தோரும் உண்டு. அமைத்த பக்கத்தைப் பெரிய திரையில் மட்டும் பார்த்து மகிழாமல், விலை குறைந்த கைபேசியொன்றை எடுத்துக்கொண்டு அலைவரிசை மெலிந்த மலையடிக்குச் சென்று திறந்து பார்ப்பீர். தமிழ் கற்ற முதியவர் ஒருவரிடம் கொடுத்து, வாய் திறவாமல் அவர் விரலை நோக்குவீர். அவர் விரல் எங்கே தயங்குகின்றதோ, அங்கே கத்தரி வைக்கவேண்டும்.

பட்டம் பெற்ற இளைஞர் பள்ளத்தாக்கை விட்டுப் பெருநகரங்களுக்குச் செல்வது இன்று இயல்பாகிவிட்டது. செல்வோரை யாம் தடுக்கவில்லை. ஆயின் ஊரில் நிற்க விரும்புவோனுக்கு இத்தொழில் ஒரு பிடிப்பு. ஏலம், திராட்சை, தென்னை, வாழை, நாய்க்குட்டி, பள்ளி, சங்கம் என ஊரில் எத்தனையோ தொழில்களும் நிலையங்களும் உள்ளன. தம்மைப் பற்றிய நாலு வரியைத் தெளிவாய்ச் சொல்ல அவற்றுக்கு ஆள் வேண்டும். வெளியூரார் செய்து தரும் பக்கத்தில் அவ்வூரின் குரல் இராது. தமிழைப் படித்தவனே தமிழுக்கு வரி இடைவெளி எவ்வளவு என்று அறிவான். தோட்டத்தில் நின்றவனே விலை எங்கே நிற்கவேண்டும் என்று அறிவான். இவ்விரண்டும் ஒருவனிடத்தே கூடுமாயின் அவன் செய்யும் பக்கம் சிறக்கும்.

அப்பெரியவர் இன்றும் தமது பக்கத்தைக் கைபேசியில் திறந்து, காலையில் விலையைத் தாமே மாற்றுகின்றார். அதில் இசை இல்லை, மேகம் இல்லை. அண்மையில் அவரைக் கண்டபோது, பக்கம் எப்படி இருக்கிறது என்று வினவினோம். “எந்தப் பக்கம்?” என்றார். பிறகு நினைவு வந்து, “அதுவா தம்பி, அது பாட்டுக்கு இருக்கு” என்றார். இத்தொழிலில் யாம் பெற்ற பாராட்டுக்களுள் அதனினும் மேலான ஒன்றை அறியோம்.